மத்தியானத் தண்ணீர்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு முழங்காலில் தொடங்கிச் சர்க்கரையில் முடிகிறது. நடுவில் யாராவது ஒருவர் தன் அப்பா வெள்ளைக்காரத் துரையை எதிர்த்துப் பேசிய கதையைச் சொல்வார். எல்லாருடைய அப்பாவும் ஏதாவது ஒரு துரையை எதிர்த்துப் பேசியிருக்கிறார். இத்தனை பேர் பேசியும் அந்தத் துரைகள் அவ்வளவு காலம் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. என் அப்பா எந்தத் துரையையும் எதிர்த்தவர் இல்லை. அவர் தன் மச்சானோடுதான் சண்டை போட்டார். ஆனால் என் அம்மா ஒரு தண்ணீர்த் திருட்டைக் கண்டுபிடித்தாள். பெருமைப்பட்டுக்கொள்ள என் பரம்பரையில் வேறு சரக்கு அதிகம் கிடையாது. இருக்கிற ஒன்றையாவது ஒழுங்காகச் சொல்லிவைக்கிறேன்.

எங்கள் ஊர் வடகவுஞ்சிக்கு அப்பால், மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய தோட்டங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பூண்டு, கேரட், முள்ளங்கி. மேலே ஓர் ஊற்று. அதிலிருந்து கிளம்பும் வாய்க்கால் முதலில் எங்கள் தோட்டத்தை உரசிக்கொண்டு இறங்கும். அதற்குப் பிறகு மடைக்கல். அந்தக் கல்லின் நடுவில் பொளிந்த வாய் ஒன்று உண்டு. தண்ணீர் அதன் விளிம்பைத் தொட்டு ஓடினால் நிறைவு, தொடாவிட்டால் குறைவு. ஊருக்கு அளவுகோல் அவ்வளவுதான். கல்லுக்குக் கீழே இருந்த தோட்டங்களெல்லாம் காலை முறை, மத்தியான முறை என்று பிரித்துக்கொண்டு பாய்ச்சின.

நீங்கள் சமவெளிக்காரராக இருந்தால் காலைத் தண்ணீரைத்தான் உயர்வாக நினைப்பீர்கள். தை மாதத்தில் எங்கள் வாய்க்காலில் வெள்ளனே கை வைத்தால், வெளியே எடுத்த கை உங்களுடையதுதானா என்று சந்தேகம் வரும். கரைப்புல்லில் உறைபனி உப்புத் தூவின மாதிரி கிடக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தால் பூண்டு விறைத்துக் குன்றிவிடும் என்பது ஊரின் தீர்மானம். ஆகையால் வெயில் பட்டுச் சில்லிப்பு அடங்கிய மத்தியானத் தண்ணீர்தான் எங்களுக்கு மரியாதைத் தண்ணீர். அந்த முறை என் தாய்மாமா குடும்பத்துக்குச் சொந்தம். யாரோ ஒரு பாட்டன் ஏதோ ஒரு புலியை ஏதோ செய்ததற்காகக் கிடைத்ததாம். புலியை என்ன செய்தார் என்று கேட்டால் மாமா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொல்வார். முறையைப் பற்றி மட்டும் பேச்சு மாறாது.

மாமா அம்மாவின் அண்ணன். அப்பாவின் தங்கையைத்தான் அவர் கட்டியிருந்தார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகள். இங்கே அம்மாவின் முகம் வாடினால் சாயங்காலத்துக்குள் அங்கே அத்தையின் முகமும் வாட்டப்படும். மற்றபடி சந்தோஷமான ஏற்பாடு.

மச்சான்கள் இருவரும் புதுச் சம்பந்தத்தில் இழைந்துகொண்டிருந்த காலத்தில், ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தாராம். மரம் வைத்தால் மழை வரும் என்று சொல்லி, தைல மரக் கன்றுகளை இறக்கிவைத்துவிட்டுப் போனாராம். அவர் சொன்னது பொய் என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். மழை எங்கே வரும் என்று அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. ஊற்றுக்கும் மடைக்கல்லுக்கும் நடுவில், வாய்க்காலின் ஒரு கரையில் அப்பாவும் மறு கரையில் மாமாவும் போட்டி போட்டுக்கொண்டு நட்டார்கள். எனக்கு நினைவு தெரிந்தபோது அவை கோயில் கோபுரத்துக்குச் சவால் விடும் உயரத்துக்கு வந்திருந்தன. பட்டை நீள நீளமாக உரிந்து தொங்கும். உள்ளே தண்டு புதிதாகக் குளித்தவன் முதுகு மாதிரி வழுவழுவென்றிருக்கும். சருகை மிதித்தாலே அடைத்த மூக்கு திறந்துகொள்ளும். சாயங்காலங்களில் மச்சான்கள் இருவரும் அண்ணாந்து பார்த்து, என் மரம் உயரமா உன் மரம் உயரமா என்று கழுத்து வலிக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். அந்தத் தை மாதத்தில்தான் மாமா ஊர்க்கூட்டம் கூட்டினார்.

“காலைல தண்ணி கல்லுல ததும்புது. எங்க முறை வாரப்ப நாய் நக்குற அளவுக்கு ஓடுது. பொழுது சாஞ்சு நான் மம்பட்டியத் தோள்ல வச்சிட்டு வீட்டுக்குத் திரும்புனா, மறுபடி ஏறுது. மூணு வருசமாப் பாக்கேன், வருசத்துக்கு வருசம் மோசம். கல்லுக்கு மேல இருக்கது ஒரே தோட்டம். நான் பேரு சொல்லல. நீங்களே பாத்துக்கங்க.”

அப்பா எழுந்தார். “பேரு சொல்லலையாம்ல. மேல காட்டெருமையா பூண்டு போட்டிருக்கு?”

சிரித்தவர்களைப் பெரியதனக்காரர் கையமர்த்தினார். ஊர் வழக்குகளைத் தீர்த்துவைப்பவர் அவர். தீர்ப்புச் சொல்வதைவிட ஒத்திவைப்பதில் கெட்டிக்காரர். “எடுக்கலன்னு சாமி முன்னால சத்தியம் பண்ணுவியாப்பா?”

“பண்றேன். இப்பவே பண்றேன்.”

“பூசாரி காவடியோட பழனிக்குப் போயிருக்கான். பூசம் முடிஞ்சு வரட்டும்.”

சத்தியம் என்றால் எங்கள் ஊரில் வாயால் சொல்வதல்ல. சாமி முன்னால் சூடத்தைக் கொளுத்தி, அதை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். கை சுடுவது ஒன்றும் பெரிதில்லை. அதற்கப்புறம் சத்தியம் கேட்ட வீட்டுக்கும் செய்த வீட்டுக்கும் நடுவில் நெருப்பு, தண்ணீர், சோறு எதுவும் கிடையாது. ஒருவர் வீட்டு வாசலை மற்றவர் மிதிக்கக்கூடாது. நல்லது கெட்டது எதற்கும் இல்லை. பேரப்பிள்ளைகள் காலத்தில் வேண்டுமானால் பழனிக்குப் போய் முடியிறக்கி, பரிகாரம் பண்ணி அவிழ்த்துக்கொள்ளலாம். அதாவது, அப்பா அந்தச் சூடத்தை அணைத்தால் அம்மா தான் பிறந்த வீட்டில் இனி ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது.

கூட்டம் கலைந்து வந்ததும் அப்பா, “உண்மைய அணைச்சுச் சொல்றதுக்கு எனக்கு என்ன பயம்” என்றார்.

“ஒங்களுக்கு என்ன, ஒங்க மானம் ஒங்க கையோட வந்துரும். எனக்குப் பொறந்த வீடுல்ல போகுது” என்றாள் அம்மா. பிறகு, அப்பாவைப் பார்க்காமல், “ஒங்க தங்கச்சிக்கும்தான்” என்றாள். அப்பா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

எனக்கு அந்த விவகாரத்தின் கனம் வயிற்றின் வழியாகத்தான் புரிந்தது. பூசாரி வருகிற வரைக்கும் எனக்கு இரண்டு வீட்டிலும் சாப்பாடு. கீழ்த்தோட்டத்தில் அத்தை என்னைக் கண்டதும் தட்டைப் போட்டுவிடுவாள். “தின்னுடி. இன்னும் எத்தன நாளைக்கு எங்கையில திங்கப்போற” என்று சொல்லிக்கொண்டே பூண்டுக்குழம்பை ஊற்றுவாள். ஊற்றும்போதே அழுவாள். நான் நிறுத்தாமல் சாப்பிடுவேன். துக்கம் நடக்கிற வீட்டில் அப்படிச் சாப்பிடக்கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித்தந்திருக்கவில்லை. அத்தையின் மகன், சதா மூக்கொழுகிக்கொண்டிருந்தவன், எதிரே உட்கார்ந்து என்னை முறைப்பான். அவனுக்குத்தான் என்னைக் கட்டிவைக்கப் போவதாகப் பெரியவர்கள் கேலி பேசுவார்கள். சத்தியம் நடந்தால் அந்த ஒரு லாபமாவது உண்டு என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

அதற்குள் மாமா காவலுக்கு உட்கார்ந்துவிட்டார், தன் கரையில், தன் மரத்தடியில். அப்பாவும் சும்மா இருப்பாரா. தான் எதையும் தொடவில்லை என்று மாமா கண்ணால் பார்க்கட்டும் என்று எதிர்க்கரையில் தன் மரத்தடியில் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு எட்டு அகலத்தில் வாய்க்கால். வழக்கு முடிகிற வரைக்கும் பேசிக்கொள்ளக்கூடாது. ஆகையால் என்னை நடுவில் வைத்துக்கொண்டார்கள்.

“மருமகளே, ஒங்க அப்பாவக் கேளு. காலத் தண்ணிக்குள்ள நீட்டி ஒக்காந்திருக்கது எதுக்குன்னு.”

“அப்பா, மாமா கேக்காரு—”

“காதுல விழுந்துச்சு. மாமாகிட்ட சொல்லு, என் கால் என் கரையில கெடக்கு. அவரு பீடிப் புகையத்தான் எங்கரைக்கு ஊதுதாரு.”

முதலில் சொன்னதைச் சொன்னபடியே கடத்தினேன். பிறகு அலுத்துப்போய், கொஞ்சம் மெருகு சேர்த்தேன். அப்பா சொல்லாத ஒரு கழுதையை நடுவில் சேர்த்ததற்கு மாமாவிடம் குட்டு வாங்கினேன். குட்டியது மாமா என்பதால் அப்பாவுக்குக் கோபம், சேர்த்தது நான் என்பதால் மாமாவுக்குச் சிரிப்பு. ஒரு கணம் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஞாபகம் வந்து திரும்பிக்கொண்டார்கள்.

வெயில் ஏறியது. மலைவெயில் சுடுவது தெரியாது, மூக்கு நுனி உரிந்த பிறகுதான் தெரியும். தலைக்கு மேலே இலைகள் வாளைத் தொங்கவிட்ட மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. இரண்டு பேருடைய நாலு கண்ணுக்கும் எதிரே, கல்லில் தண்ணீர் விளிம்பை விட்டு இறங்கியது. யாரும் வரவில்லை. யாரும் எதையும் திருப்பவில்லை. ஈரக்கோடு மட்டும் கல்லில் மேலே நின்றது, தண்ணீர் அதற்குக் கீழே போய்விட்டது.

மாமாவின் முகத்தில் முதல் தடவையாகப் பயம் வந்தது. “மருமகளே, இது என்ன மந்திரம்னு கேளு.”

“மந்திரம் தெரிஞ்சா மொதல்ல அவரு வாயக் கட்டியிருப்பேன்னு சொல்லு.”

மாமா எங்கள் பூண்டுப் பாத்திகளுக்குள் கடப்பாரையோடு இறங்கி, மூங்கில் குழாய் ஏதும் புதைத்திருக்கிறதா என்று குத்திப் பார்த்தார். மண் காய்ந்து கிடந்தது. திருடின தண்ணீரையும் காணோம், திருடினவனையும் காணோம். நியாயமாக இங்கே வழக்கு தள்ளுபடியாகியிருக்க வேண்டும். ஆனால் அடுத்து வந்தது மூட்டம்.

மூட்டம் என்றால் எங்களுக்கு மேகம் வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்வது. கை நீட்டினால் விரல் தெரியாது. கம்பளி நனைந்து ஆட்டு வாசனை அடிக்கும், பரணில் காயப்போட்ட பூண்டுக்கு அடியில் புகை மூட்ட வேண்டியிருக்கும். அன்றைக்கு அப்பாவுக்குக் காய்ச்சல். காவலுக்குப் போகாமல் சுருண்டு படுத்துவிட்டார். அன்றைக்குப் பார்த்து மடைக்கல்லில் தண்ணீர் நாள் முழுக்கக் குறையவே இல்லை.

மாமா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். “மாப்ள படுத்துக் கெடக்காரு. தண்ணி நிக்குது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?” அதுவரை அப்பா பக்கம் இருந்தவர்கள்கூடத் தலையைச் சொறிந்தார்கள். பூசாரி பழனியிலிருந்து கிளம்பிவிட்டதாகவும் செய்தி வந்தது.

அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மடைக்கல்லுக்குப் போய், மூட்டத்துக்குள் நின்று, ததும்பும் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தாள். “காய்ச்சல் அவருக்கு. தண்ணிக்கு எப்படிச் சொகமாச்சு?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். நனைந்த சேலையை அடுப்புக்கு மேலே கொடியில் போட்டாள். அது மூன்று நாளாகியும் காயவில்லை.

விடை வத்தலக்குண்டிலிருந்து வந்தது. சாக்கு மூட்டையில், நாற்றத்தோடு.

கேரட் பிடுங்கினால், முதல் வேலையாகத் தழையைத் திருகி எறிந்துவிட வேண்டும். தோட்டக்காரர் வீட்டில் குழந்தை நடக்கப் பழகுவதற்கு முன்னால் தழை திருகப் பழகும். மூட்டம் விலகிய அன்றைக்கு அப்பா காய்ச்சலும் கோபமுமாக, தழையோடேயே மூட்டை கட்டிக் குதிரையில் ஏற்றி அனுப்பிவிட்டார். சாலையில் லாரி பிடித்து மலையிறங்கி வத்தலக்குண்டு மண்டிக்குப் போன மூட்டைகள் போன வழியே திரும்பி வந்தன. கேரட் ஒவ்வொன்றும் விரலில் சுற்றிக்கொள்கிற மாதிரி துவண்டிருந்தது. ‘கயிறு வியாபாரம் எப்ப ஆரம்பிச்சீங்க’ என்று மண்டிக்காரர் கேட்டதாகக் குதிரைக்காரன் வந்து சொன்னான்.

அம்மா ஆரம்பித்தாள். “பச்சப்புள்ளைக்கும் தெரியும், தழையோட அனுப்புனா கெழங்கத் தழை குடிச்சிரும்னு. பிடுங்கிப் போட்ட பெறகும் குடிக்கும். அதுக்கு வாய் அடங்காது. மூட்டத்துலன்னாக்கூடப் பரவால்ல, வெயில்ல ஏத்தி அனுப்பியிருக்கீங்க. வெயில் பட்டா இன்னும் வெரசாக் குடி—”

நின்றுவிட்டாள். அம்மா திட்டைப் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. அப்பாவும் பார்த்ததில்லை போலிருக்கிறது, பயந்து எழுந்து உட்கார்ந்தார். அம்மா வாசலுக்குப் போய், ஊற்றுக்குக் கீழே வரிசையாக நின்ற தைல மரங்களை அண்ணாந்து பார்த்தாள். மூட்டம் விலகி வெயில் வந்திருந்தது. எத்தனை தழை.

“என்னங்க,” என்றாள், “திருடனுக்குச் சாப்பாடு போட்டு வளத்தது நீங்கதான். நீங்களும் எங்கண்ணனும்.”

சொன்னதும் அப்பா சிரித்தார். “மரம் தண்ணி குடிக்கும்னு யாருக்குத் தெரியாது? அதுக்காக ஒரு வாய்க்காலையா குடிக்கும்? அம்புட்டையும் குடிச்சா எங்க வச்சுக்கும்? வயிறு வெடிச்சிராதா?”

“வச்சுக்காது. வெளிய விட்டுரும். என் சேலை விடுதுல்ல, காயிறப்ப? அது மாதிரி.”

“விடுறத நீ பாத்தியா?”

“பாக்கத்தான் போறேன்.”

பார்த்தாள். பெருமை என்று நான் ஆரம்பத்தில் சொன்னது இந்த இடத்தைத்தான். டீக்கடையில் வர்க்கி ரொட்டி போட்டுவைக்கிற பெரிய கண்ணாடி பாட்டில் ஒன்று இருந்தது. அம்மா அதைக் கேட்டாள்.

“வர்க்கிய நான் எங்க வைக்க?” என்றான் டீக்கடைக்காரன்.

“இவ வயித்துல வை” என்று என்னை முன்னால் தள்ளினாள். நான் கூச்சப்படவில்லை.

பாட்டிலைத் தாழ்வான ஒரு கொப்பில், தழைகள் உள்ளே போகும்படி மாட்டி, வாயைப் பழைய வேட்டித்துணியால் இறுக்கி அடைத்துக் கயிறு கட்டினாள். அத்தோடு விட்டிருந்தால் அது யாருக்கும் தோன்றக்கூடிய யோசனை. அம்மா தன் ஊறுகாய் பாட்டிலைக் கழுவித் துடைத்து, தழை இல்லாமல் வெறுமனே, அதன் வாயையும் அதே துணியால் அடைத்து, பக்கத்திலேயே தொங்கவிட்டாள்.

“இது எதுக்கும்மா?”

“வெயில்ல கண்ணாடி வேர்க்கத்தான் செய்யும்னு சொல்லுவான் எங்கண்ணன். அவன் வாய்க்கு ஒண்ணு.”

பிற்பாடு நான் டவுனில் விடுதியில் தங்கிப் படித்தபோது, சோதனைச்சாலையில் ஒரு டீச்சர் இதே காரியத்துக்கு ஒரு நீளமான பெயர் சொல்லி, ஒப்பிட இன்னொன்று வைக்காத சோதனை சோதனையே அல்ல என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே நிற்க வைத்தார்.

வெயில் உச்சிக்கு வருவதற்குள் வர்க்கி பாட்டில் உள்ளே வெள்ளை படர்ந்துவிட்டது. அப்புறம் அந்த வெள்ளை முத்து முத்தாகத் திரண்டது, முத்துகள் ஒன்றையொன்று தொட்டு வழிந்தன. பாட்டிலின் அடியில் தண்ணீர் தேங்கத் தொடங்கியது. பக்கத்தில் ஊறுகாய் பாட்டில் வறண்டு, மறுபக்கம் தெரியும்படி பளபளவென்று தொங்கியது. கீழே மடைக்கல்லில் தண்ணீர் வழக்கம்போல் விளிம்பை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதையும் பார்த்தாள், இதையும் பார்த்தாள். என் தலையில் கை வைத்தாள்.

மறுநாள் பூசாரி வந்து சேர்ந்தார், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு. அன்றைக்கே சத்தியம். அப்பா குளித்து ஈரவேட்டியோடு நின்றார். எதிரே மாமா. அவர் கண் சிவந்திருந்தது. கோபத்தால் என்று அப்போது நினைத்தேன். தட்டில் சூடத்தை வைத்துப் பூசாரி கொளுத்தியும்விட்டார். அந்த நேரத்தில்தான் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள், ஒரு கையில் வர்க்கி பாட்டில், மறு கையில் ஊறுகாய் பாட்டில்.

“அண்ணே, நீ தேடுற தண்ணி இந்தா கெடக்கு.”

மாமா பாட்டிலை வாங்கி, உள்ளங்கையில் ஊற்றி முகர்ந்தார். நாக்கில் தொட்டுப் பார்த்தார். “தைல வாசன.”

“ஒரு கொப்புத் தழை, ஒரு பகல்ல விட்டது. நான் மாட்டுனேன், ஒம்மருமக பாத்தா. இதுல தழை இல்ல, துளி ஈரமும் இல்ல. ரெண்டும் ஒரே வெயில்ல தொங்குச்சு.”

“ஒரு பாட்டில் தண்ணிக்கா நான் ஊரக் கூட்டுனேன்?”

“ஒரு கொப்புக்கு ஒரு வாய் தண்ணி. ரெண்டு கரையிலயும் எத்தன கொப்பு இருக்குன்னு நீயே போய் எண்ணு. நீங்கதான வளத்தீங்க.”

“அப்ப மூட்டத்தன்னைக்கு ஏன் நின்னுச்சு?”

“மூட்டத்துல ஒம்பொண்டாட்டி சேலை காஞ்சுச்சா?”

கூட்டத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது: “காயலையே.”

மாமா விடவில்லை. “மேல சோலைக்காட்டுலயும்தான் மரம் நிக்குது. நம்ம பாட்டன் காலத்துலருந்து நிக்குது. அது குடிக்கலையா?”

“அது எனக்குத் தெரியாது” என்றாள் அம்மா. “குடிக்கும், குடுக்கவும் செய்யும்போல. இது வந்த பெறகுதான் மத்தியானம் கொறையுது. எனக்கு அவ்வளவுதான் தெரியும்.”

இன்று யோசித்தால், தெரியாததைத் தெரியாது என்று சபையில் சொன்ன ஒரே ஆள் அன்றைக்கு அவள்தான். சோலை மரங்களின் பாசி மூட்டத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் விடுகிறது என்பதையெல்லாம் நான் முடி நரைத்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சொல்ல அப்போது அம்மா இல்லை.

பெரியதனக்காரர் பாட்டிலை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார். “ஏம்மா, அப்ப மரம் விடுற தண்ணி எங்கதான் போகுது?”

“மேல. வேற எங்க போகும். மேகமாப் போகும்.”

“போயி?”

“எங்கயாச்சும் மழையா விழும்.”

மாமா நிமிர்ந்தார். “எங்க?”

யாருக்கும் தெரியவில்லை. பூசாரிதான் சொன்னார், “பழனிப் பக்கம் ஒதுங்கியிருக்கும். பூசத்தன்னைக்கு லேசா ஒரு தூத்தல் விழுந்துச்சே.”

மாமா யோசித்தார். “முருகனுக்குன்னா சரி. வத்தலக்குண்டான் தலையில விழுந்திருந்தா விடமாட்டேன்.”

கூட்டம் சிரித்தது. சூடம் மட்டும் சிரிக்காமல் எரிந்துகொண்டிருந்தது. அது பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. “சொல்லுங்கப்பா, அணைக்கிறதா எடுக்கிறதா” என்றார் பூசாரி. சத்தியம் கேட்டவரால்தான் அதைத் திருப்பி வாங்க முடியும். ஊர் மொத்தமும் மாமாவைப் பார்த்தது. அம்மா பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா உள்ளங்கையை விரித்து வைத்திருந்தார். புலிப் பாட்டனின் வாரிசு, ஊரைக் கூட்டிச் சொன்ன வார்த்தையை ஊரைக் கூட்டி விழுங்க வேண்டும். அது எவ்வளவு பெரிய கவளம் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. எனக்கும் மச்சினர்கள் இருக்கிறார்கள்.

“எடுத்துட்டுப் போப்பா” என்றார் மாமா. “மரத்துக்கிட்டயா சத்தியம் கேக்க முடியும்.” பிறகு, என்னைத் தேடாமல், நேராக அப்பாவைப் பார்த்து, “மாப்ளே, கையக் கீழ போடுங்க” என்றார்.

அத்தோடு முடிந்திருந்தால் எங்கள் குடும்பம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அப்பா தொண்டையைச் செருமினார். “ஆனா ஒண்ணு மச்சான். எம்பக்கத்து மரத்தவிட ஒங்க பக்கத்து மரந்தான் ஒசரம். அதிகமாக் குடிச்சது அதுதான்.”

“யாரு சொன்னா? ஒங்களுதுதான் ஒசரம். நான்தான் தினமும் பாக்கேனே.”

“இம்புட்டு நாளா ஒங்களுது ஒசரம்னீங்க?”

“அது வாய்க்குச் சொன்னது.”

அம்மா இரண்டு பாட்டில்களையும் என் கையில் திணித்துவிட்டு நடந்தாள். கோடாரியோடு அவள் வாய்க்கால் கரையேறுவதைத்தான் அப்புறம் எல்லாரும் பார்த்தோம். “விழுந்த பெறகு படுக்கப் போட்டு அளந்துக்கங்க” என்றாள். முதல் வெட்டு அப்பாவின் மரத்தில். அடுத்தது, வாய்க்காலைத் தாண்டி, அண்ணனின் மரத்தில். பக்கம் பார்த்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். கோடாரி அவளுக்குக் கனம், வெட்டு ஆழமாக இறங்கவில்லை. ஆனால் இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. மாமா அவள் கையிலிருந்து கோடாரியை வாங்கினார். அப்பா வீட்டுக்கு ஓடி இன்னொன்றைக் கொண்டுவந்தார்.

மரங்கள் விழுந்து முடிக்கப் பல நாளாயிற்று. ஊர் அந்த வருடம் முழுக்கத் தைல விறகில் சமைத்தது, காபிகூட இருமலுக்குப் போட்ட கஷாயம் மாதிரி இருந்தது. டீக்கடை வர்க்கி பங்குனி வரை தைலம் மணத்தது. அந்தக் கடைக்காரன் அம்மாவை மன்னிக்கவே இல்லை. வெட்டின கட்டைகள் அடங்காமல் துளிர்த்தன. இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்துதான் அதை வருடா வருடம் கழிக்க வேண்டியிருந்தது, ஒரு வீடு தனியாகப் போனால் மற்ற வீட்டுக் கட்டையை விட்டுவிடும் என்று பரஸ்பர நம்பிக்கை. சுற்றுவட்டாரத்தில் அப்புறம் மலை மலையாகத் தைல மரம் வைத்தார்கள். அங்கெல்லாம் வாய்க்கால் வற்றியபோது யார் யாரிடம் சத்தியம் கேட்டார்களோ, தெரியாது. அந்த ஊர்களில் அம்மா இல்லை.

பள்ளிக்கூடத்தில், நீராவிப்போக்கு பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்ன தேர்வில் நான் மாமாவின் வழக்கை முழுதாக எழுதிவைத்தேன். வாத்தியார் குறுக்காக ஒரு கோடு போட்டு, ‘கேட்டதற்கு மட்டும் பதில்’ என்று எழுதியிருந்தார். கேட்டதற்குத்தான் பதில் எழுதினேன் என்று இன்றும் சொல்வேன்.

கடைசி மரம் சாய்ந்த மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. ஊரே மடைக்கல்லைச் சுற்றி நின்றது. உச்சிப்பொழுது வந்தது, போனது. தண்ணீர் விளிம்பை விட்டு இறங்கவில்லை. மாமா மம்பட்டியை எடுத்து மடையைத் திறந்தார். தண்ணீர் அவர் தோட்டத்துக்குள் பாத்தி பாத்தியாகப் புகுந்தது. யாரும் கை தட்டவில்லை, எங்கள் ஊரில் அந்தப் பழக்கம் இல்லை.

அம்மா அதைப் பார்த்து முடிக்கவில்லை. பாதியிலேயே திரும்பி, நேராகக் கீழ்த்தோட்டத்து வீட்டுக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். அவள் போய் ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. யாரும் வா என்று சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து, தட்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள். அத்தை சோற்றை வைத்துக் குழம்பை ஊற்றினாள். மாமா சேற்றுக்காலோடு வந்து நிலைப்படியில் நின்றார்.

அம்மா ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“குழம்புல உப்புக் கொறச்சல்” என்றாள்.

“பிடிக்கலன்னா ஒன் வீட்ல போய்த் தின்னு” என்றார் மாமா.

“இது யாரு வீடு?” என்று கேட்டுவிட்டு, அம்மா தட்டை அத்தையிடம் நீட்டினாள். “இன்னும் கொஞ்சம் ஊத்துங்க மதினி.”